மாரியம்மாவுக்கு ஆகாத மாத்திரை

அம்மாவுக்கு நீர்க்கடுப்பு என்றால் எனக்கு இங்கே கையும் ஓடாது, காலும் ஓடாது. கரிசல் காட்டில் நாள் முழுக்க உளுந்துக்குக் களையெடுப்பாள். குடித்தால் ஒதுங்க மறைவு தேட வேண்டுமே என்று தண்ணீரே குடிக்க மாட்டாள். சொன்னால் கேட்கிற ஆளா?

நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது இதே கடுப்புக்குப் புதூர் ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சல்பா என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் காய்ச்சல், உடம்பெல்லாம் செந்தடிப்பு. அம்மை என்று அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் முடிவு கட்டிவிட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, மருந்து ஆகாதென்று மாத்திரையையும் தூக்கிப் போட்டார்கள். வெளியூரிலிருந்து வருகிறவள் அம்மை வீட்டுக்குள் நுழையக் கூடாதென்று எனக்குச் சொல்லவே இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் போன் வந்தது. அப்போது அவள் பக்கத்தில் இல்லாமல் போன ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது கடல் தாண்டி வந்து நான் ஆராய்வது அதே சல்பாவைத்தான். கூடவே, அநேகமாக எல்லார் உடம்பிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும் ஒரு வைரஸையும். அது விழித்துக்கொள்வதற்கும், சல்பா சிலருக்கு மட்டும் தடிப்பைக் கிளப்புவதற்கும் என்ன உறவு என்பது எங்கள் கேள்வி. படிக்கப் படிக்கத்தான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு வந்தது அம்மையே இல்லை, சல்பா ஒவ்வாமை. மாத்திரையை நிறுத்தியதால் பிழைத்திருக்கிறாள். இன்னொரு தடவை கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

போன மாதம் மறுபடி கடுப்பு. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போக வேண்டும். துணைக்கு நான் ஒருத்திதான், நானோ இங்கே.

“சல்பா ஒத்துக்காதுன்னு டாக்டர்ட்ட சொல்லிரும்மா. அன்னைக்கு உனக்கு வந்தது அந்த மாத்திரையால வந்தது” என்றேன்.

“ஏட்டி, மாரியம்மா வந்துட்டுப் போனத மாத்திரைன்னு சொல்லச் சொல்லுதியா? வருசா வருசம் கூழு ஊத்துதேனே, அது எதுக்காம்?”

நான் கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். “டாக்டரம்மா முன்னாலதான் இருக்கேன். பேசாம கேளு” என்றாள். பிறகு அவள் டாக்டரிடம் சொல்வது கேட்டது: “அம்மா, சல்பா மாத்திரை மட்டும் குடுத்துராதீங்க. எங்க மாரியம்மாவுக்கு அது ஆகாது.”

டாக்டர் சிரித்தார். “சரிம்மா, எழுதிக்கிட்டேன்” என்றார்.

“கேட்டியாட்டி?”

கேட்டது. அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று தோளைத் தொட முடியவில்லையே என்று அழுகை முட்டியது.

“எப்ப வாரே?”

பொங்கலுக்கு என்றேன். போன வருஷமும் அதையேதான் சொன்னேன்.