ரெண்டே ரெண்டு கிழமை

“தோட்டத்துப் படலையை எந்நேரமும் சாத்தி வையுங்கள். இங்கே குதிரைகள் தம் விருப்பப்படி உலாவும். ஒன்று உள்ளே வந்துவிட்டால் அதைத் துரத்த முயலாதீர்கள். போகவேண்டுமென்று அதற்கே தோன்றும்போது அது போகும்.”

மே மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை எனக்கு வந்த மின்னஞ்சலின் நடுப்பகுதி இது. அனுப்பியவர், நியூ ஃபாரஸ்ட் பக்கம் ஒரு சிறிய வீட்டை விடுமுறைக்கு வாடகைக்கு விடும் ஆங்கிலேய அம்மையார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். படலை என்றது மட்டும் என் சொல். மரச்சட்டம் அடித்த அந்த வாயிற்கதவைப் படத்தில் பார்த்ததும் வேறு சொல் வரவில்லை.

அந்த வீட்டைத் தேடிப் பிடித்தது நான். மனைவிக்கு அறுபது வயதாவதையொட்டி, நோர்வே பக்கம் ஒரு வாரம் போய்வரும் கப்பல் பயணத்தை மகள் ஏற்பாடு செய்திருந்தாள். கப்பல் சவுத்தாம்ப்டனிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்படுவதாக இருந்தது. புறப்படுகிற அன்றே லண்டனிலிருந்து ரயிலேறிப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. பாதையில் ஓர் இலை விழுந்தாலும் ரயில் நிற்கிற நாடு இது. ஆகவே வெள்ளிக்கிழமையே போய், துறைமுகத்துக்குக் கிட்ட நாட்டுப்புறத்தில் இரண்டு இரவு தங்குவதென்று திட்டம் போட்டேன். வாட்டர்லூ ரயில் நேரங்கள், மழை பெய்தால் போகும் இடங்கள், பெய்யாவிட்டால் போகும் இடங்கள் எல்லாம் எழுதினேன்.

“அப்பா, ரெண்டு நைட்தானே? இதுக்கு ஏன் ஸ்ப்ரெட்ஷீட்?” என்றாள் மகள்.

“உன்ர கொப்பருக்கு ஸ்ப்ரெட்ஷீட் இல்லாட்டி சோறும் இறங்காது” என்றாள் மனைவி.

எனக்கு அங்கே ஓர் ஆசையும் இருந்தது. வேட்டைக்குப் போன இங்கிலாந்து ராஜா ஒருவர் அம்புபட்டு இறந்த காடு அது. இடத்தைக் குறித்து ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அம்பு தவறிப் பட்டதா, குறிவைத்து எய்ததா என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் இன்றுவரை தீர்த்துச் சொல்லவில்லை. அந்தக் கல்லைப் பார்க்க வேண்டுமென்று சனிக்கிழமை காலைக்கு எழுதி வைத்திருந்தேன்.

“கப்பலுக்குப் போற வழியில செத்தவீட்டுக்கும் போகவேணுமோ?” என்று மனைவி கேட்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அவள் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் அந்த மாதங்களில் அவள் மனம் வேறு இடத்தில் இருந்தது. அவளுடைய ஒரே அண்ணன் சென்னையில் படுக்கையில் இருந்தார். யாழ்ப்பாணத்துச் சண்டைக் காலத்தில் சென்னைக்குப் போனவர், அப்படியே தங்கிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தார். கலியாணம் செய்யவில்லை. தகப்பனில்லாத வீட்டில் அவளை வளர்த்து, படிக்கவைத்து, என் கையில் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஈரல் பழுதாகிவிட்டது என்றும், மாதக்கணக்கில் தாங்கும், வருடக்கணக்கில் தாங்காது என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். நாங்கள் அவரைக் கண்டு நான்கு வருடமாகியிருந்தது. கப்பலை விட்டுவிட்டு முதலில் சென்னைக்கு வருகிறோம் என்றபோது அவர்தான் தடுத்தார்.

“நான் எங்க போகப்போறன் மச்சான்? அவளுக்குக் கப்பலைக் காட்டிக்கொண்டு வாங்கோ. எனக்கு இருந்து கேக்க ஒரு கதை வேணும்.”

அதனால் கப்பல் திரும்பியதும் சென்னை என்று முடிவானது. கிராமத்து வீடு, கப்பல், பிறகு ஹீத்ரோ. என் திட்டத்தில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காக நின்றன. இந்திய விசாவுக்கு விண்ணப்பிப்பதைப் புறப்படுகிற வாரத்துக்குக் குறித்திருந்தேன்.

அந்த வாரம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு காலை, லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் நியூ ஃபாரஸ்ட் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். எதிரே மனைவி சென்னைக்கு வீடியோ அழைப்பில் இருந்தாள். அண்ணனைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். விழுப்புரத்துப் பக்கத்துப் பிள்ளை, நேர்சிங் படித்தவள். அன்று அவருக்குக் குரல் எழும்பவில்லை. அவர் உதட்டை அசைக்க, அந்தப் பெண் காதை வைத்துக் கேட்டுச் சொன்னாள்.

“எப்ப வர்றீங்கன்னு சார் கேக்குறாருக்கா.”

“ரெண்டு கிழமை எண்டு சொல்லுங்கோ பிள்ளை. கன நாளில்லை. ரெண்டே ரெண்டு கிழமை.”

“ரெண்டே ரெண்டா? அட, சூப்பர்க்கா. சொல்லிடுறேன்.”

திரையில் அண்ணன் கையைத் தூக்கினார். அழைப்பு அதோடு நின்றது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சிரிச்சவர், கண்டனீங்களோ?” என்றாள். நான் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கியபோது திரை இருண்டிருந்தது.

அடுத்த நாள் அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் போய் அண்ணனுக்கு இரண்டு அரைக்கைச் சேர்ட் வாங்கினாள். சமையலறையில் மசாலா மணம் வரலாமா என்று கிராமத்து வீட்டு அம்மையாரிடம் எழுதிக் கேட்கச் சொன்னாள். “தாராளமாக” என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை, நாங்கள் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. சென்னையில் அப்போது மத்தியானம். அந்தப் பெண்தான்.

“அக்கா, இறங்கிட்டீங்களா?”

“எங்க இறங்கிறது பிள்ளை?”

“ஏர்போர்ட்லக்கா. சார் காலைலேயே ஷேவ் பண்ணச் சொல்லி, வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு, நாற்காலிய வாசலப் பாத்துப் போடச் சொல்லி ஒக்காந்திருக்காரு. இத்தன நாள் எழுந்திரிக்காத மனுசன்! சாப்பாடு கொண்டாந்தா, தங்கச்சி வரட்டும்ங்குறாரு.”

“நான் ரெண்டு கிழமை எண்டெல்லே சொன்னனான்!”

“ஆமாக்கா. திங்கக்கிழமை ஒண்ணு, செவ்வாக்கிழமை ரெண்டு. இன்னிக்குத்தானே?”

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு கிழமை என்றால் ஏழு நாள். வேறு பொருள் இருக்குமென்று நாங்கள் நினைப்பதேயில்லை. தமிழ்நாட்டிலோ கிழமை என்பது திங்கள், செவ்வாய் என்று ஒரு நாளின் பெயரோடு ஒட்டி வருகிற சொல். ஏழு நாளுக்கு அவர்கள் வாரம் என்பார்கள். அந்தப் பிள்ளை விரல்விட்டு எண்ணியதில் பிழையில்லை. மனைவி சொன்னதிலும் பிழையில்லை. இதை எழுதும்போதுகூட ‘கிழமை’ என்று வந்த இடங்களையெல்லாம் ‘வாரம்’ என்று மாற்றிக்கொண்டு வருகிறேன்.

தொலைபேசி அண்ணன் கைக்குப் போனது. அன்று அவர் குரல் கேட்டது.

“எங்க நிக்கிறாய்?”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, “வாறன் அண்ணை” என்றாள்.

“கப்பல் பாத்தாச்சோ?”

“வாறன் அண்ணை. நீங்கள் முதல் சாப்பிடுங்கோ.”

“நீ வா. நான் இருக்கிறன்.”

தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “கப்பலும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். எனக்கு அவரை ஒருக்காக் கண்டால் போதும். இண்டைக்கே ரிக்கற் போடுங்கோ.”

“விசா இல்லையே” என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எங்கள் வீட்டில் எவருக்கும் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அன்று முற்பகலே விண்ணப்பித்தேன். அவள் பிறந்த ஊர், தகப்பன் பிறந்த ஊர், பாட்டன் பிறந்த ஊர் எல்லாம் நிரப்பினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று திரை சொன்னது. புதன்கிழமையும் அதையே சொன்னது. மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தொலைபேசியில் வரிசையில் நின்றாள். காத்திருப்போருக்கான இசை கேட்டுக்கொண்டேயிருந்தது. ஒருமுறை மனிதக் குரல் வந்து, காத்திருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனது. திகதிகளை ஒழுங்குபடுத்துவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. ஒழுங்குபடுத்த ஒரு திகதியும் என் கையில் இல்லை. பழக்க தோஷத்தில் வாட்டர்லூ ரயில் நேரங்களை மறுபடியும் சரிபார்த்தேன்.

சென்னையில் அந்தப் பெண் அண்ணனுக்கு நடந்ததை விளக்கியிருந்தாள். அக்காவுக்கு விசா வரவேண்டும், வந்ததும் வந்துவிடுவார் என்று சொன்னாளாம். அவர் தலையை ஆட்டினாராம். ஆனால் வெள்ளைச் சட்டையைக் கழற்ற விடவில்லை.

வியாழன் பின்னேரம் மனைவி சூட்கேசை அடுக்கினாள். கப்பலுக்கென்று எடுத்து வைத்திருந்த சேலைகளை வெளியே எடுத்துவிட்டு, பருத்திச் சேலைகளையும் அந்த இரண்டு சேர்ட்டுகளையும் வைத்தாள். மகள் சொன்னாள்: “அம்மா, இஞ்ச இருந்தாலும் வெயிட் பண்ணத்தான் வேணும், அங்க இருந்தாலும் வெயிட் பண்ணத்தான் வேணும். அங்க வைஃபை இருக்கு. விசா வந்த உடன நானே வந்து ஹீத்ரோவுக்கு ஏத்திக்கொண்டு போறன்.”

மனைவி சூட்கேசைப் பூட்டினாள். “எங்கயெண்டாலும் கொண்டுபோய் விடுங்கோ” என்றாள்.

இப்படித்தான் நாங்கள் வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பினாள். படத்தில் இருந்ததைப் போலவே இருந்தது: வெள்ளைச் சுவர், தோட்டம் முழுக்கப் பூ, அந்தப் படலை. அம்மையார் மேசையில் ஒரு கேக்கும், இனிய கப்பல் பயணம் என்று ஒரு வாழ்த்து அட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். மனைவி அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். பிட்டு அவித்தாள். இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டோம். தொலைபேசி இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளுக்கும் நடுவில் கிடந்தது.

சனி காலை வெயில் நன்றாக எறித்தது. அவள் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்தைத் தாண்டிப் பாதையில் இறங்கி நடந்தாள். நான் சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலியோரம் அவள் தலை மட்டும் நகர்வது தெரிந்தது. பிறகு தலை நின்றது. தொலைபேசியைக் காதில் வைத்தாள். அதற்குப் பிறகு தலையும் தெரியவில்லை. பாதையில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

நான் ஓடிப் போனேன். தொலைபேசியில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். “காப்பி கேட்டாரு சார். போட்டுட்டு வர்றதுக்குள்ள…”

மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது தோட்டத்தில் ஒரு பழுப்புக் குதிரை நின்றது. படலை திறந்தே கிடந்தது. அவள் திறந்து விட்டாளா, நான் திறந்து விட்டேனா தெரியாது. அது அம்மையாரின் பூக்களை ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றது. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனோம். நான் யன்னலில் தட்டினேன், கையை ஆட்டினேன், சத்தம் போட்டேன். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது.

“விடுங்கோ” என்றாள் மனைவி. “அதுக்குப் போகவேணும் எண்டால் போகும் எண்டு எழுதினவ எல்லே.”

அவள் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டு அதில் உட்கார்ந்தாள். குதிரை போகும்வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கடந்து மகள் எங்களை அழைத்துப்போக வந்தபோது படலை வழியாக அது தானாகவே போயிருந்தது. லண்டனுக்குத் திரும்பும் வழியில் விசா வந்தது. காரின் பின் ஆசனத்தில் இருந்து நான் அந்த மின்னஞ்சலை வாசித்தேன். தொலைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

கப்பல் ஞாயிற்றுக்கிழமை எங்களை விட்டுவிட்டுப் போனது. கிரியைகளை அண்ணனிடம் படித்த பழைய மாணவர்கள் செய்து முடித்திருந்தார்கள். விமானத்தில் இடம் கிடைக்கப் பிந்தியதால், எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்குத்தான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியை எவரும் இடம் மாற்றியிருக்கவில்லை. அந்த இரண்டு சேர்ட்டுகளையும் மனைவி அதன்மேல் வைத்தாள்.

பார்த்துக்கொண்ட பெண் அதற்குள் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஒருமுறை மட்டும் தொலைபேசியில் கிடைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் என்ன சொன்னீர்கள், ரெண்டு நாள் என்றா, ரெண்டு கிழமை என்றா என்று கேட்டேன்.

“அக்கா சொன்னதத்தான் சார் சொன்னேன். அப்படியே சொன்னேன்.”

“அதே சொல்லாலயா?”

“இருக்கும் சார். இப்ப சரியா ஞாபகமில்ல.”

அண்ணன் எத்தனை வருடம் சென்னையில் இருந்தாலும் எங்களைப் போலவே கதைத்தவர். ‘நாள்’ என்று அவருக்குக் கேட்டிருந்தால், பிழையான சேதியை நம்பிக் காத்திருந்திருப்பார். ‘கிழமை’ என்றே கேட்டிருந்தால் அது பதினாலு நாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு எதற்காகச் செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டை போட்டார்? அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் பல தடவை எடுத்தேன். அது பாவனையில் இல்லை. எந்தச் சொல் அவர் காதில் விழுந்தது என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.