மடங்காத கால்கள்

பக்கெட் தண்ணீரை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார் ஏசுபாதம். மூன்றாவது மாடி, மாணவர்கள் பிரேதம் அறுத்துப் படிக்கப்போகும் ஹாலின் புது சிமெண்டுத் தரை. தண்ணீர் நாலு பக்கமும் பரவி, நடுவில் குட்டையாக நின்றுவிட்டது. மூலையிலிருக்கும் வடிகாலுக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. சைட் இன்ஜினியரான என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார் இது? நட்ட நடுவுல குந்திகினு கீது பாரு தண்ணி. நாளைக்கு ஃபார்மலினும் கொழுப்பும் இப்பிடித்தான் நிக்கும். படிக்க வர்ற புள்ளைங்க வழுக்கி வுழும். எவன் மட்டம் பாத்தவன்? கூப்புடு அவன!"

மேஸ்திரி அதற்குள் கீழே இறங்கிவிட்டிருந்தார். ஏசுபாதம் பக்கெட்டைத் தூக்கினாலே அவருக்கு எங்காவது வேலை வந்துவிடும்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் ஓர் அறக்கட்டளை கட்டும் கல்லூரி இது. மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி மூன்றுக்கும் ஒரே கட்டடம். சீக்கிரமே பல்கலைக்கழகம் ஆகிவிடும் என்று வாசலில் பெரிய பலகை சொல்கிறது. அரசாங்கக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் சரோஜினியை இங்கே அழைத்துக்கொண்டார்கள். அவர் கேட்ட முதல் ஆள், தன்னுடைய பழைய அட்டெண்டர் ஏசுபாதம்.

முப்பத்தொரு வருஷம் பிரேதங்களை வாங்கி, மருந்தேற்றி, தொட்டியில் இறக்கி, மாணவர்களுக்காக மேசையில் கிடத்திய கைகள். பிரேதம் கெடாமலிருக்க ஏற்றும் ஃபார்மலினில் விரல் நுனிகள் வெடித்து, கருவாட்டுத் தோல் மாதிரி இருக்கின்றன. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் வீடு. மின்சார ரயிலில் அவர் உட்கார்ந்தால், இரண்டு ஸ்டேஷனுக்குள் பக்கத்து இடம் காலியாகிவிடுமாம். "மூக்கப் பொத்திகினு எழுந்து பூடுவானுங்க. அவனுங்க புள்ளைக்கு டாக்டர் சீட் மட்டும் வோணும்."

அவர் முன்னால் 'பாடி' என்று சொல்லக் கூடாது. "ஆளுன்னு சொல்லு. நேத்து வரிக்கும் சோறு துன்ன ஆளு." ஒருமுறை ஒரு மாணவன், மேசையில் கிடந்தவரின் வாயில் சிகரெட்டைச் செருகி நண்பர்களைச் சிரிக்க வைத்தான். ஏசுபாதம் அறைந்துவிட்டார். "மெமோ குடுத்தாங்க. வாங்கி ஜோப்புல வச்சிகினேன். அறைஞ்சது அறைஞ்சதுதான்."

அன்று மூன்றாம் மாடியிலிருந்து அவர் நேராக லிஃப்டுக்காக விட்டிருந்த குழிக்குப் போனார். கட்டட வரைபடம் போட்ட ஸ்ரீரங்கனும் டாக்டர் சரோஜினியும் அங்கே நின்றிருந்தார்கள். லிஃப்ட் எத்தனை அடி என்று கேட்டார் ஏசுபாதம். உள்ளே நாலுக்கு மூன்றரை என்றார் ஸ்ரீரங்கன். ஏசுபாதம் சுண்ணாம்புக் கட்டியால் அந்த அளவில் தரையில் ஒரு கட்டம் போட்டார். சட்டையைக்கூடக் கழற்றாமல் அதற்குள் மல்லாந்து படுத்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் கோட்டைத் தாண்டி வெளியே கிடந்தன.

"பாத்துக்க சார். நான்தான் ஆளு. கதவ எப்பிடி மூடுவ?"

"மேல இருந்தா ஹாலுக்கு வெளிச்சம் நல்லா வரும், ஏசுபாதம். கிரவுண்ட் ஃப்ளோர் முழுக்க ரிசப்ஷனுக்கு வேணும்னு சேர்மன் சொல்லிட்டார்" என்றார் ஸ்ரீரங்கன். பிறகு சிரித்துக்கொண்டே, "காலை மடக்கிக்கலாம். இல்லைன்னா நிக்க வெச்சுக் கொண்டு போயிடலாம்" என்றார்.

ஏசுபாதம் எழுந்த வேகத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார்.

"மருந்து ஏத்துன காலு மடங்காது சார். ஒடச்சாதான் மடங்கும். ஒடைக்கவா? உங்கப்பன நிக்க வச்சி கொண்டு போவியா? வெளிச்சம் வோணும்னா ஜன்னல பெருசா வையி! மூணு மாடி படி ஏறி, ஒவ்வொரு திருப்பத்துலயும் தல இடிச்சிகினு போவணுமா அந்த ஆளு? கேக்க நாதி இல்லன்னுதான?"

"ஏசுபாதம், போதும்" என்றார் டாக்டர் சரோஜினி. ஆனால் அவரும் ஸ்ரீரங்கனைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே சேர்மனிடம் போய், ஹால் கீழே வராவிட்டால் இன்ஸ்பெக்ஷன் தாள்களில் தன் கையெழுத்து இருக்காது என்று சொல்லிவிட்டார். பேராசிரியை கையெழுத்து இல்லாமல் அனுமதி கிடைக்காது. சேர்மன் இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் ரிசப்ஷன் பாதியாகச் சுருங்கியது.

மூன்று வாரம் கழித்து சிமெண்டு மூட்டைகள் மேல் பலகை போட்டு, புது வரைபடத்தை விரித்தார் ஸ்ரீரங்கன். "இப்போ திருப்திதானே?"

ஏசுபாதம் தாளைத் தன் பக்கம் திருப்பினார். பின்வாசலில் விரலை வைத்தார். "வண்டி இங்க நிக்கும்?"

"ஆமாம்."

"கதவு?"

"அஞ்சடி. படி கிடையாது, சரிவு."

விரல் சரிவில் ஏறி, ஹாலுக்குள் மேசைவரை போய், மறுபடி கதவுக்கே வந்து நின்றது. "சொந்தக்காரங்க வந்தா எங்க குந்துவாங்க?"

"யாரும் கேட்காத பாடிதானே இங்க வரும்?" என்றார் ஸ்ரீரங்கன். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஏசுபாதம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குரல் தாழ்ந்துதான் வந்தது. "எம்பத்தொண்ணுல கோவளத்துலேந்து கன்னியம்மான்னு ஒரு பொம்பள வந்துச்சு. மீன் விக்கிறது. தம்பிய காணோம்னு போட்டோ வச்சிகினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தேடிகினு இருந்துச்சு. எங்ககிட்ட வர்றதுக்குள்ள பசங்க ரெண்டு நாளு அறுத்துட்டாங்க. நான்தான் மூஞ்சியத் தொடச்சி காட்டுனேன். 'கொஞ்ச நேரம் குந்திக்கிறேண்ணா'ன்னுச்சு. எடம் இல்ல. வாசப்படியில குந்துச்சு. மணி அடிச்சதும் பசங்க அந்தப் பொம்பளய தாண்டிகினு போனாங்க சார். ஒருத்தன் ரெண்டு பேரு இல்ல. கிளாஸ் மொத்தமும்."



ஸ்ரீரங்கனின் சட்டைப்பையிலிருந்த பென்சிலை ஏசுபாதமே எடுத்தார். வரைபடத்தின் மேல் குனிந்து, பின்வாசலை ஒட்டிய சுவர் ஓரமாக, நாலு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு கோடு இழுத்தார். அழுத்திய அழுத்தில் பாதியிலேயே முனை உடைந்தது. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், வேறு பென்சிலுக்காகக் கையை நீட்டினார்.