ஜாக்கி அடித்த இரண்டு அடி

பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டது. தெருவுக்கு அவள் ஜாக்கி. பால்பல் விழும் முன்பே, அப்பாவின் டயர் கடையில் வண்டியைத் தூக்கும், தன் இடுப்புயர ஜாக்கியைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர்.

முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை. அம்மா இல்லாத வீடு. அப்பாவுக்கு இழுப்பு நோய். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். அதனால் லாரி டயர் வந்தால் ஜாக்கிதான் கழற்றுவாள். முழங்கால் நீள இரும்பு லிவரை விளிம்பில் கொடுத்து, உடம்பு எடையைப் போட்டு ஒரு நெம்பு நெம்பினால் டயர் வாயைப் பிளக்கும். வேலையை முடித்துக் கை கழுவி, ரப்பர் வாசனை போகாத தலையோடு கல்லூரிக்கு ஓடுவாள். மின்சாரப் படிப்பு, டிப்ளமோ. உதவித்தொகை கிடைத்ததால்தான் சேர்ந்தாள். முதல் ஆண்டு எல்லாப் பாடத்திலும் தேறினாள். அப்பா மார்க் பட்டியலைக் கடைச் சுவரில் ஒட்டி, டயருக்குக் காற்றடிக்க வந்தவர்களையெல்லாம் படிக்கவைத்தார்.

இரண்டாம் ஆண்டு நடுவில் அக்கா வந்து சேர்ந்தாள். இடுப்பில் மூன்று வயது மகள். மாற்றுத் துணிகூட இல்லை. கீழுதடு கிழிந்திருந்தது. காதோரம் ஒரு கொத்து முடி வேரோடு போயிருந்தது.

அக்கா புருஷன் பஸ் டிரைவர். பயணிகளிடம் அதிர்ந்து பேசமாட்டார். வயதானவர்கள் ஏறி உட்காரும்வரை வண்டியை எடுக்கமாட்டார். ஊரே தங்கம் என்று சொல்லும் மனிதர், வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே அந்த நல்ல குணத்தையும் கழற்றிவிடுவார். முதல் தடவை வந்தபோது கெஞ்சினார். அடுத்த தடவை கதவை உதைத்தார். பிறகு வண்டி ஓட்டி முடித்த நாளெல்லாம் அவர் வருவதும், பின்கதவுக்குப் பழைய டயர்களை அடுக்கி முட்டுக் கொடுத்து ஜாக்கி முதுகைச் சாய்த்து உட்காருவதும் வழக்கமானது. மடியில் புத்தகம் இருக்கும். ஒரு வரியும் மண்டையில் ஏறாது. ஒருமுறை உள்ளே வந்துவிட்டவர், அவளுடைய புத்தகங்களை அள்ளி, ட்யூபில் ஓட்டை பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்தார். இன்னொருமுறை அக்காவின் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்தார். ஜாக்கி அவர் முன்கையைக் கடித்துத் தொங்கினாள். வாயில் ரத்தம் கரித்தது. அது தன் ரத்தமா அவருடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில் ஒரு காலை, அவள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது வந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவைத் தலைமுடியைப் பிடித்துக் கடை வழியே இழுத்துக்கொண்டு போனார். ஜாக்கி குறுக்கே விழுந்தாள். தரையில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து ஓங்கினார். அவள் வலது கையைத் தூக்கித் தடுத்தாள். சத்தம் பெரிதாக வரவில்லை. இறுகிய நட்டில் ஸ்பேனர் ஒருமுறை நழுவுமே, அந்த அளவுதான். கை மட்டும் மூட்டு இல்லாத இடத்தில் மடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா அவள் தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள். "டயர் விழுந்துச்சுன்னு சொல்லுடி. விஷயம் தெரிஞ்சா அவர் வேலை போயிடும்டி."

டயர் விழுந்தது என்றே ஜாக்கி சொன்னாள். டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

மீதிப் பரீட்சைகள் அத்தனையும் போயின. படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லை, உதவித்தொகை நிறுத்தப்படுகிறது, விரும்பினால் மேல்முறையீடு செய்யலாம் என்று கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. மோட்டார் பாடம் எடுப்பதால் மோட்டார் சார் என்று பெயர் வாங்கிய ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு விளக்கினார்.

"ரெண்டே விஷயம்தான் கேப்பாங்கம்மா. ஏன் ஃபெயில் ஆனே? அந்தக் காரணம் இப்ப சரியாயிடுச்சா? ரெண்டாவதுக்குத்தான் நல்லா யோசிச்சு பதில் சொல்லணும்."

ஜாக்கி யோசித்தாள். எதுவும் சரியாகியிருக்கவில்லை. கட்டுப் பிரித்த கை மெலிந்து வேறு யாருடைய கையோபோல் இருந்தது. டிரைவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கொடுத்த மேல்முறையீட்டின் விசாரணைக்கு முந்தின வாரம், பட்டப்பகலில், சீருடையோடு டிரைவர் வந்தார். குழந்தை கடை முன்னால் ஒரு டயருக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கையைப் பிடித்து அதைத் தூக்கினார்.

"என் பிள்ளைய நான் கொண்டுபோறேன். ஆத்தாக்காரி பின்னாலயே ஓடி வருவா, பாரு."

தோள் கழன்றுவிடும்போல் குழந்தை வீறிட்டது. ஓடிவந்த அக்கா அவர் காலைக் கட்டிக்கொண்டாள். பூட்ஸ் காலால் அவள் முகத்திலேயே உதைத்தார். மூக்கு உடைந்து, அவள் அப்படியே மல்லாந்தாள்.

ஜாக்கியின் இடது கையில் லிவர் இருந்தது. வீசினாள். முட்டிக்குக் கீழே விழுந்தது அடி. குழந்தையை விட்டுவிட்டு அவர் மண்டியிட்டுச் சரிந்தார். "ஐயோ, வேணாம்மா" என்று கையெடுத்தார். குழந்தை அவள் பின்னால் ஓடிவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஜாக்கி மெலிந்த வலது கையையும் சேர்த்துப் பிடித்து, லிவரைத் தலைக்குமேல் கொண்டுபோய், அதே முட்டியில் இறக்கினாள். முட்டிச் சில்லு நொறுங்கியது கைப்பிடிவரை தெரிந்தது. உடம்பெங்கும் ஏதோ குளிர்ச்சியாகப் பரவியது. மூன்றாவதற்கு ஓங்கியபோது அப்பா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். "போதும்டா... போதும்டா கண்ணு..."

ஸ்டேஷனில் பெண் போலீஸ் ஒருவர், "பொம்பளைக்கு இவ்வளவு கொழுப்பா?" என்று கன்னத்தில் இரண்டு வைத்தார். ஜாமீனில் வந்ததும் ஜாக்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள், அக்காவைப் பார்க்க. மூக்கில் கட்டோடு அக்கா, புருஷன் கட்டிலருகே உட்கார்ந்து அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜாக்கியைக் கண்டதும் எழுந்து வந்து, வெளியே வராந்தாவில், ஓய்ந்துபோகும்வரை அடித்தாள்.

"அவரை நொண்டியாக்கிட்டியேடி பாவி! இனிமே என் குடும்பத்துக்கு யாருடி கதி?"

ஜாக்கி கையைத் தூக்கவில்லை. எல்லா அடியையும் வாங்கிக்கொண்டாள்.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. முதல்வரம்மா, மோட்டார் சார், ஏறிட்டே பார்க்காமல் தாளைப் புரட்டும் கணக்கு அதிகாரி. உள்ளே போகும் முன் மோட்டார் சார் அவளிடம் கிசுகிசுத்திருந்தார். "போலீஸ் கேஸ் பத்தி வாயே திறக்காத. கேட்டா தற்காப்புன்னு சொல்லிடு."

முதல்வரம்மா கேட்டார். "டயர் விழுந்து கை ஒடிஞ்சதா?"

"இல்ல மேடம். அக்கா வீட்டுக்காரர் ஸ்பேனரால அடிச்சார். ஆஸ்பத்திரில பொய் சொன்னேன்."

மோட்டார் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி. இப்ப நிலைமை என்ன? மறுபடியும் வந்து அடிக்கமாட்டார்னு என்ன நிச்சயம்?"

"அவரால நடக்க முடியாது மேடம். நான் லிவரால அடிச்சேன். கேஸ் இருக்கு."

"தற்காப்புக்காக," என்றார் மோட்டார் சார் அவசரமாக.

"முதல் அடி பிள்ளையைக் காப்பாத்த, சார். அதுலயே விழுந்துட்டார். ரெண்டாவது அடி..." மெலிந்த வலது கையைப் பார்த்துக்கொண்டாள். "அது ஆத்திரத்துல அடிச்சது. அப்பா பிடிக்கலேன்னா கொன்னிருப்பேன்."

முதல்வரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கு அதிகாரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"பரீட்சை வாரத்துல கை ஒடிஞ்சது. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. எப்படி ஒடிஞ்சதுன்னு விதியில எங்கயும் கேக்கல. ஃபெயில் ஆனதுக்கு இது போதும்."

"கேஸ்?" என்றார் முதல்வரம்மா.

"தீர்ப்பு வரட்டும் மேடம். அது வேற விதி. இப்ப என்ன சரியாயிருக்குன்னு ஒரு வரி வேணும். கை சரியாயிடுச்சா?" முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆயிடுச்சு சார்."

"கை சரியாகிவிட்டது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "ஒரு பருவத்துக்கு மட்டும் தரலாம். ஒரு பாடம் போனாலும் நின்னுடும். வீட்டுல இருக்கக்கூடாது, விடுதியில சேரணும். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சந்தோஷத்துக்குப் பதிலாக அவளுக்கு வெறிதான் வந்தது. தோலை உரித்துக் காட்டியதுபோல் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். அவர்களுக்கு வேண்டியதோ ஒரு எலும்பும் ஒரு தேதியும். தூணில் ஓங்கிக் குத்தினாள். விரல் முட்டிகள் நாலும் தோலுரிந்தன.

அந்தப் பருவத்தில் தேறினாள். ஒரு பாடத்தில் தலை தப்பியது. அதற்கடுத்த பருவமும் உதவித்தொகை வந்தது. டிரைவர் கோர்ட்டுக்கு வரவே இல்லை. மச்சினிச்சியிடம் அடிவாங்கிக் கால் போனது என்று நாலு பேர் முன்னால் சொல்வதைவிட, விபத்து என்று வெளியே சொல்லிக்கொள்வது அவருக்கு லேசாக இருந்தது. கேஸ் தானாகப் படுத்துவிட்டது. பஸ் ஓட்ட முடியாததால் டிப்போவில் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் உட்கார்த்திவைத்தார்கள். அக்கா அவரோடேயே போய்விட்டாள். அப்பா செத்தபோது வந்து, ஜாக்கிக்கு எதிர்மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

ஜாக்கி இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். தனியாக ஒரு அறை எடுத்திருக்கிறாள். சில இரவுகளில் முட்டிச் சில்லு நொறுங்குவது கைப்பிடியில் தெரிந்து விழித்துக்கொள்வாள். அந்தக் குளிர்ச்சியும் கூடவே வரும். அதுதான் அவளுக்குப் பயம்.

போன மாதம் அக்காவே போன் செய்தாள்.

"அவர் இப்பல்லாம் அடிக்கிறதில்லடி."

"சரிக்கா."

"நம்பமாட்டியா?"

"நம்புறேன்."

பிறகு அக்கா, மகள் கணக்கில் கெட்டிக்காரி, விடுமுறைக்கு உன்னிடம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஜாக்கி பூட்டுக் கடையில் நின்று, தன் அறைச் சாவிக்கு ஒரு மாற்றுச் சாவி போடச் சொன்னாள். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் ஊருக்குக் கிளம்பும்போது அதை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"அம்மாகிட்ட மட்டும் குடு. அப்பாவுக்குத் தெரியவேணாம்."