குழந்தைகள்: இல்லை

தாத்தாக்களின் பட்டாளத் தாள்களைப் படித்துச் சொல்வது என் தொழில். பாதி கிளார்க் வேலை, பாதி பகல் கனவு. ராணுவ ஆவணப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். உயரம் ஐந்தடி மூன்று, இடது புருவத்தில் தழும்பு, கைநாட்டு என்று வாசித்துக்கொண்டே போனால், மத்தியான வெயிலில் அந்த ஆளே படியேறி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மின்சார ரயில் சத்தம் கேட்டால்தான் எழுந்து போவார். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் இப்படியொரு தாள் இருந்து, அதோடு மல்லுக்கட்டியிருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

செல்போனில் வந்த சிப்பாய்

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் பிலோமினா ஒருநாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு மாடி ஏறி வந்தார். அவர் வீடு கானத்தூர்ப் பக்கம் கடலோரக் குப்பத்தில். அவருடைய அம்மா ரோசம்மா தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே, ரோசம்மாவின் அப்பா யுத்தத்துக்குப் போனார்; திரும்பவில்லை, பர்மாப் பக்கம் இறந்துவிட்டார். போட்டோ கிடையாது. அவர் சாமான்களோடு வந்த பட்டாளத் தாளைத்தான் கண்ணாடி போட்டு மாட்டி, மாலை சாத்துகிறார்கள். அதைச் செல்போனில் படம் பிடித்து வந்திருந்தார். எண்பது தாண்டிய ரோசம்மாவுக்கு ஒரே கேள்விதான்: நான் பிறந்தது அப்பாவுக்குத் தெரியுமா?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மனைவி பெயர் இருந்தது. அதற்குக் கீழே, ‘குழந்தைகள்: இல்லை.’ படித்ததை அப்படியே சொல்லித் தொலைத்தேன். பிலோமினா போனை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இத்த எப்டி சார் அதுகிட்ட சொல்லுவேன்? காலைலேந்து சோறு துன்னாம குந்திகினு கீது.”

வீட்டில் பேசப்படாதவர்

அடுத்த வாரம் சேலையூரிலிருந்து ஒரு இன்ஜினீயர், தாத்தாவின் தாளை ஒரு பைலில் வைத்து எடுத்து வந்தார். அதில் ‘பெயர் நீக்கப்பட்டது’ என்று ஒரு முத்திரை. தாத்தாவைப் பட்டாளம் துரத்திவிட்டது என்று வீடே நம்பியிருக்கிறது. அப்படியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட இந்தப் படைப்பிரிவுப் பட்டியலில் பெயரை நீக்கி, அங்கே சேர்ப்பார்கள். திரும்பி வந்த தேதி எங்கே என்று தாளைப் புரட்டினேன். மலேரியா, மறுபடி சேர்ந்த நாள், அதற்கும் கீழே வேறு வேறு மையில் கல்யாணம், குழந்தை பிறந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது. முன்பக்கம் எழுதுவது ஆள் சேர்ந்த அன்றைய நிலவரம்; பிறகு வரும் மாற்றமெல்லாம் பின்பக்கம். முப்பது வருஷம் நானே எழுதியிருக்கிறேன். ரோசம்மா வீட்டுக் கண்ணாடிக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தை நான் கேட்கவே இல்லையே! ஒரு கிழவியின் சோற்றைக் கெடுத்த பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். இன்ஜினீயருக்கு அவர் கவலை.

“எங்கப்பா கடைசி வரைக்கும் அவர் பேச்சையே எடுக்கல சார், மனுஷன் காய்ச்சல்ல படுத்துட்டிருந்திருக்காரு!”

ஆணியிலிருந்து இறங்கியவர்

மறுநாளே மார்க்கெட்டுக்குப் போய் பிலோமினாவிடம் தவறை ஒப்புக்கொண்டேன். கூடை காலியானதும் இரண்டு பஸ் மாறிக் குப்பத்துக்குப் போனோம். ரோசம்மா என்னைப் பார்க்கவே இல்லை. மாலையை அவரே கழற்றினார், பிறகுதான் சட்டத்தை இறக்க விட்டார். துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, அட்டையை எடுத்தேன். கடல் காற்றில் தாள் லேசாக ஆடியது. அந்தத் தாளுக்குரிய ஆளே என் பக்கத்தில் மூச்சுவிடாமல் நிற்பதாகவே பட்டது.

பின்பக்கம் மூன்று வரிகள். நடுவரி, மங்கிய நீல மையில்: ‘மகள் ஒன்று. பெயர் ரோசம்மா.’ பக்கத்தில் சிப்பாயின் கைநாட்டு. ஊரிலிருந்து கடிதம் போயிருக்கிறது, அவரும் ஆபீசுக்கு நடந்து போய்ப் பதிந்திருக்கிறார். வாசிக்கும்போதே அழுதேன். ரோசம்மா அழவில்லை. தாளை மடியில் வைத்து, அந்த ரேகையின் மேல் தன் கட்டைவிரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

“எம் பேரு தெரிஞ்சிகினுதான் போய்கீறாரு.”

முப்பது வருஷம் இந்தத் தாள்களோடு குடித்தனம் நடத்தியவன் நான், இப்போது யார் எதைக் கொண்டு வந்தாலும் முதலில் புரட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் மூக்குக்கண்ணாடியையே மாட்டுகிறேன்.