கிளி டவலும் பள்ளிக்கூட பேட்ஜும்

அவளுக்குத் துருவி என்று பேர் வைத்தது அவள் மாமியார்தான். கல்யாணம் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்க, பெண் மட்டும் வாயைத் திறந்து, மாப்பிள்ளைக்கு ஒரு காது கொஞ்சம் இறங்கியிருக்கிறதே, பிறவியிலேயே அப்படியா, யாராவது பிடித்து இழுத்தார்களா என்று கேட்டுவிட்டாள். அவளைப் பெற்றவளுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. மாமியார் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். இழுத்தது மாமியாருடைய கூடப்பிறந்த தம்பிதான். சின்ன வயதில் மாப்பிள்ளை அவர் கைக்கடிகாரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டதற்காக. அத்தனை வருஷமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. இப்படித் துருவுகிற பெண் வீட்டுக்கு வந்தால் ஒரு பொய் தங்காது என்று சொல்லி, அன்றைக்கே தேதி குறித்துவிட்டுப் போனார்.

அந்தக் குடும்பத்துக்கு எம்பிராய்டரிதான் பிழைப்பு. வீட்டின் கீழே இரண்டு அறை. பின்னறையில் இரண்டு மெஷின். அவை ஓடும்போது தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி சத்தம். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி, சுவர் நிறைய ஆணி அடித்து மாட்டிய நூல்கண்டுகள். ஆஸ்பத்திரிக் கோட்டில் டாக்டர் பேர், ஹோட்டல் டவலில் முத்திரை, தொப்பி, பள்ளிச் சட்டைப் பையில் பேட்ஜ் என்று எது வந்தாலும் போட்டுக் கொடுப்பார்கள். மூத்தவன், அதாவது துருவியின் புருஷன், மெஷினைப் பார்த்துக்கொள்வான். அவனுக்குப் பச்சை எது சிவப்பு எது என்று தெரியாது. அது தாய் வழி வந்த குறை, அவன் தாய்மாமனுக்கும் உண்டு. காதை இழுத்தாரே, அதே மாமன்தான். அதனால் நிறம் வைக்கிற வேலை முழுக்கத் துருவி தலையில் விழுந்தது. இளையவன் வேன் ஓட்டிச் சரக்கைக் கொண்டு சேர்ப்பான். மாமியார் கத்தரிக்கோலும் கையுமாகப் பிசிறு நறுக்குவார். இளையவன் பெண்டாட்டி, வீட்டில் எல்லாரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், டிசைன் வரைவாள். கை சுத்தமான வேலைக்காரி.

கஸ்டமர்கள் படத்தை பென்டிரைவில் கொண்டுவருவார்கள், போனில் அனுப்புவார்கள். எங்கிருந்து எடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. வந்ததைத் திறந்து பார்த்தால்தானே விலை சொல்ல முடியும்? இன்னொரு பழக்கமும் உண்டு. திறந்ததை மூட மாட்டார்கள். அந்த டிசைன் புரோகிராம் ஒவ்வொன்றையும் ஆடி அசைந்துதான் திறக்கும். அதனால் காலையில் திறந்த டிசைனெல்லாம் சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே கிடக்கும், பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி.

ஓரகத்திகள் இருவரும் அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒருநாள் துருவி, ஒரு கஸ்டமர் எதிரிலேயே, இந்த எழுத்து ஏன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சின்னவளைக் கேட்டுவைத்தாள். அவளுக்கு அது வெறும் கேள்வி. சின்னவளுக்கு அது நாலு பேர் பார்க்க வாங்கிய அறை. அதிலிருந்து பேச்சு நின்றது. கத்தரிக்கோல் வேண்டுமென்றால்கூட, எட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கும் துருவியைக் கேட்காமல், "அக்காகிட்ட கத்தரிக்கோல் இருக்கான்னு கேளுங்க அத்தை" என்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பேட்ஜ் கெட்டது.

பள்ளிக்கூட பேட்ஜுக்கு நீல வட்டம், மஞ்சள் விளக்கு, சிவப்புச் சுடர். துருவிதான் நிறம் வைத்தாள். சட்டைகள் மெஷினிலிருந்து இறங்கியபோது பச்சை வட்டத்துக்குள் பழுப்பு விளக்கு, அதன் மேல் ரோஜா நிறத்தில் சுடர். நிறம் பார்க்கும் வழக்கமே இல்லாத மூத்தவன் அப்படியே அடுக்கி வைத்துவிட்டான். துருவி தலையில் அடித்துக்கொண்டு, நிறத்தைத் திருத்தி, சரி பார்த்துவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தால் இரண்டாவது அடுக்கும் அதே பச்சை, அதே பழுப்பு, அதே ரோஜா. நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தது சின்னவள் ஒருத்திதான். குழந்தைகள் துணிக்கடைக்காரர் பென்டிரைவில் கொடுத்த கிளிப் படத்தை மறுபடி திறந்து டவல் செய்துகொண்டிருந்தாள். பேட்ஜை மெஷினுக்கு அனுப்பியதும் அவள்தான். கிளியிலேயே கண்ணாக இருந்து பட்டனை மட்டும் தட்டியிருக்கிறாள்.

சீருடைப் பொறுப்பு டீச்சர் நேரில் வந்து ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமியாருக்கு அவமானம் தாங்கவில்லை. "எங்க வீட்டுச் சின்னது பண்ணின விஷமம் டீச்சர். ரெண்டுக்கும் பேச்சு இல்ல, கோபத்தை வேலையில காட்டிட்டா" என்று அந்த அம்மாளிடமே சொல்லிவிட்டார். நாளையிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடாதே, பிசிறு நறுக்கு என்று சின்னவளிடம் திரும்பி ஓர் உத்தரவும் போட்டார்.

சின்னவள் அழவில்லை. தான் எதையும் மாற்றவில்லை என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கெட்ட பேரோடு அந்த வீட்டுப் படியேற மாட்டாள் என்று அவள் அக்காவிடமிருந்து சேதி வந்தது. இளையவன் இந்த வீட்டிலும் சாப்பிடாமல், அந்த வீட்டுக்கும் போகத் தைரியம் இல்லாமல், வேனுக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டான்.

துருவியும் சின்னவள்தான் செய்திருப்பாள் என்றே நினைத்தாள். முழுதாக இல்லாவிட்டாலும் பாதி. ஆனால் கெட்டுப்போன சட்டையை மடியில் வைத்துப் பிசிறு நறுக்கும்போது ஒரு விஷயம் உறுத்தியது. கெடுக்க நினைக்கிறவள் கண்ணை உறுத்துகிற மாதிரி ஒரு கறுப்பை வைத்துவிட்டுப் போவாள். இது மூன்று நிறமும் மாறியிருக்கிறது, இரண்டு தடவையும் அதே வரிசையில். இந்த வரிசையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தலை நிமிர்ந்தாள். கொடியில் கிளி டவல் தொங்கியது. இலை பச்சை, கிளை பழுப்பு, ஓரத்துப் பூ ரோஜா. கிளியில் கடைசியாகத் தைக்கிற மூன்று நிறங்கள்.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்தாள். பேட்ஜைத் திறந்தாள், நீலம், மஞ்சள், சிவப்பு. அதன் பக்கத்தில் கிளியைத் திறந்தாள். திரும்பி பேட்ஜைப் பார்த்தால் பச்சை, பழுப்பு, ரோஜா. துருவி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள், தன் விரல்தான் எங்கேயாவது பட்டுவிட்டதோ என்று. எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி செய்தாள். மறுபடி மாறியது. அவளுக்குப் பயம் வரவில்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு குறுகுறுப்புதான் வந்தது.

அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை. கிளியை முதலில் திறந்து பேட்ஜை அப்புறம் திறந்தால் பேட்ஜுக்கு ஒன்றும் ஆவதில்லை. நடுவில் ஒரு தொப்பி டிசைனைத் திறந்துவைத்தால் தொப்பி கெடுகிறது, பேட்ஜ் தப்பிக்கிறது. சில சமயம் எதுவும் கெடாமல் புரோகிராமே பட்டென்று செத்துப் போகிறது. பென்டிரைவில் ஏதோ தொத்து வியாதி இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்கிறது என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். மூத்தவன் வைரஸ் என்றான். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் வந்து பார்த்து, வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

கடைசியில், புரோகிராம் பெட்டியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். சின்ன கம்பெனி போலிருக்கிறது, புரோகிராமை எழுதியவரே எடுத்தார். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் சொல்லச் சொல்லக் குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு, தொப்பியை நடுவில் வைத்துப் பார்த்ததை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். ஃபைலை அனுப்புங்கள், அதுவரைக்கும் அதை நீங்கள் திறக்கவே வேண்டாம் என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

அவர் சொன்னது இது. ஒவ்வொரு டிசைனுக்கும் கம்ப்யூட்டரின் நினைவில், நிறத்துக்கு ஓர் ஆணி என்று நூல் ஸ்டாண்டு மாதிரி ஓர் இடம் உண்டு. கிளி ஃபைலின் தலைப்பில், என்னிடம் பன்னிரண்டு நிறம் என்று எழுதியிருக்கிறது. புரோகிராம் அதை நம்பிப் பன்னிரண்டு ஆணிக்கு மட்டும் இடம் எடுத்தது. உள்ளே பார்த்தால் பதினைந்து நிறம். யாரோ ஒருவர் வேறு ஏதோ புரோகிராமில் இலையும் கிளையும் பூவும் கூடச் சேர்த்துவிட்டுத் தலைப்பைத் திருத்தாமல் விட்டிருக்கிறார். நம் புரோகிராம் எண்ணிப் பார்க்காமல் மாட்டிக்கொண்டே போனது. ஆணி தீர்ந்த பிறகும் மாட்டியது. மிச்ச மூன்றும் பக்கத்து ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தன. அந்தப் பக்கத்து ஸ்டாண்டு பேட்ஜுடையது. இதில் தொத்து வியாதி ஒன்றும் இல்லை, தான் எண்ண மறந்ததுதான் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் புரோகிராமை எழுதிய பழைய கம்ப்யூட்டர் மொழி தானாக எண்ணாதாம், எழுதுகிறவன்தான் ஒவ்வொரு இடத்திலும் எண்ணச் சொல்ல வேண்டுமாம். இப்போது வருகிற சில மொழிகள் தாமே எண்ணி, இடம் தீர்ந்தால் அங்கேயே நின்றுவிடுமாம்.

யாராயிருந்தாலும் அதோடு போனை வைத்திருப்பார்கள். துருவி வைக்கவில்லை.

"அந்தப் பக்கத்து இடத்துல எப்பவும் நூல் ஸ்டாண்டுதான் இருக்குமா சார்?"

"இருக்காதும்மா. சில சமயம், அடுத்து என்ன செய்யணும்னு புரோகிராம் தனக்குக் குறிச்சு வச்சிருக்கிறதே அங்கதான் இருக்கும்."

"அப்போ நிறத்துக்குப் பதிலா வேற எதையாவது அளவு பார்த்து வச்சு அனுப்பினா?"

"அனுப்பினவன் சொல்றதை உங்க கம்ப்யூட்டர் செய்யும். நீங்க எதையும் அழுத்த வேண்டாம், திறந்தாலே போதும்." இந்தக் கிளியில் அப்படி ஒன்றும் இல்லை, இது யாரோ தெரியாமல் செய்தது, ஆனால் தெரிந்தே செய்கிறவன் கைக்கு இந்த ஓட்டை கிடைத்திருந்தால் வீட்டுக் கணக்கு முதல் கஸ்டமர் விலாசம் வரை அள்ளிக்கொண்டு போயிருப்பான் என்றார். திருத்திய புரோகிராம் வரும்வரை, வெளியிலிருந்து வருகிறதை இன்டர்நெட் இல்லாத ஒரு தனிக் கம்ப்யூட்டரில் முதலில் திறந்து பார்க்கச் சொன்னார்.

துருவி போனை வைத்துவிட்டு அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். முன்பின் தெரியாதவர்கள் கொடுத்ததையெல்லாம் எத்தனை வருஷமாகத் திறந்துவைத்திருக்கிறோம் என்று ஒரு வியப்பு. மேலே சின்னவளின் அறை பூட்டிக் கிடந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய் மாமியாரைக் கூப்பிட்டாள்.

வாயால் சொன்னால் மாமியார் நம்ப மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆணி, ஸ்டாண்டு என்று ஆரம்பித்ததுமே, "நீயே அவளுக்கு வக்காலத்து வாங்குறியா? நல்லா இருக்கு" என்றார். அதனால் மூலையில் கிடந்த, இன்டர்நெட் இல்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தட்டி எழுப்பி, புரோகிராமையும் இரண்டு டிசைனையும் அதில் போட்டு, மாமியாரையே நாற்காலியில் உட்கார வைத்தாள். மௌஸை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தான் கதவோரம் போய்க் கைகட்டி நின்றுகொண்டாள். மாமியார் பேட்ஜைத் திறந்தார். கிளியைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலடி."

"தெரியும் அத்தை."

மாமியார் மௌஸை வைத்துவிட்டு எழுந்தார். வெளியே போய் வேன் கதவைத் தட்டினார். துருவியும் ஏறிக்கொள்ள, இளையவன் ரேடியோவை அணைக்கக்கூட மறந்து வண்டியைக் கிளப்பினான்.

அக்கா வீட்டில் சின்னவள் சுவரோரமாக உட்கார்ந்து யாருக்கோ பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் ஊசியை நிறுத்தவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு மாமியாரை விட்டுவிட்டு, அத்தனை நாளைக்குப் பிறகு முதல் தடவையாக, நேரே துருவியைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க என்ன நினைச்சீங்கக்கா?"

உன்னை நினைக்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். துருவிக்குக் கேட்கத் தெரிந்த அளவுக்கு மழுப்பத் தெரியாது. "நீதான்னு பாதி நினைச்சேன்" என்றாள். "அந்த எழுத்துச் சாய்வையும் கஸ்டமர் எதிர்ல வச்சுக் கேட்டிருக்கக் கூடாது."

சின்னவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முழுசா நினைச்ச அத்தையைவிட இது தேவலை என்றாள். மாமியார் பக்கம் திரும்பி, மன்னிப்பெல்லாம் தனக்கு வேண்டாம் என்றாள். யார் முன்னால் தன் பேரைக் கெடுத்தாரோ அந்த ஆளிடமே போய்ச் சொல்ல வேண்டும், தானும் கூட வருவேன், சொன்ன பிறகுதான் வீடு. மாமியாருக்கு அது கசப்பு மருந்து. கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் அறையில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் முதலில் சின்னவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மாமியார் அதைப் பார்த்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னிக்கு என் மருமக மேல பழி போட்டுட்டேன் டீச்சர். தப்பு. அவ கை வைக்கவே இல்ல."

அப்படியானால் யார்தான் செய்தது என்று டீச்சர் கேட்டார்.

மாமியார் யோசித்தார். "ஒரு கிளி."

டீச்சர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். துருவிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஆனால் சொல்ல வேண்டியவள் தான் அல்ல என்று வாயை மூடிக்கொண்டாள். சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீச்சர் மேஜையிலிருந்த சாக்பீஸ் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி, இதில் பன்னிரண்டுக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று ஆரம்பித்தாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, மேஜை மேல் குனிந்தார்.