மூன்றாள் பாரம்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தெருவில் கட்சிக் கொடிக்கம்பம் உண்டு, கோயில் கிடையாது. அப்பா அப்படித்தான் வளர்த்தார். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள். நடந்தது நடந்ததுதான்.

ஊர் கீழ்வேளூர் பக்கம். அஞ்சாவது வரை படிப்பு. வயலில் வேலை இல்லாத மாதங்களில் யாத்திரை கோஷ்டியோடு சமையலுக்குப் போவேன். காசி, பத்ரி, நேபாளத்தில் முக்திநாத். கும்பகோணத்து ஆட்களுக்கு இமயமலை ஏறினாலும் ரசம் வேண்டும். அதனால் எங்களுக்குப் பிழைப்பு.

ஒரு வருசம் முக்திநாத் முடித்து இறங்கினோம். கண்டகி ஆற்றங்கரையில் எல்லோரும் செத்துப்போன தங்கள் வீட்டாருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். கூட வந்த ஐயர் என்னையும் கூப்பிட்டார்.

"நீயும் வாப்பா. அடுப்பு ஓடியா போயிடும்? பேரைச் சொல்லு."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அப்பா பேரைச் சொன்னேன். தாத்தா பேரைச் சொன்னேன்.

"வேற யாராச்சும்?"

"இல்ல சாமி."

அண்ணன் இருந்தான். ராசப்பன். அவன் பேரைச் சொல்லவில்லை.

அவன் கதை தெரியாமல் மற்றது விளங்காது. நான் அப்போது சின்னப் பையன். ஆட்சி மாறியிருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. மிராசுதார் தன் நிலத்தை மாட்டுக்காரன் பேரிலும் சமையல்காரி பேரிலும் எழுதிவைத்துவிட்டார். நிலம் அவரிடமேதான். இது நமக்கு வரவேண்டியது என்று ஒரு ஐப்பசியில் எங்கள் தெரு ஆட்கள் குறுவையை அறுக்க இறங்கினார்கள். போலீஸ் வேன் வந்தது. ஓடினார்கள். வெட்டாற்றில் வெள்ளம். குதித்தவர்களில் அண்ணனைத் தவிர எல்லோரும் கரையேறினார்கள். உடல் கிடைக்கவில்லை.

அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "எம்புள்ள அக்கரை ஏறிட்டான். வேதாரண்யத்துல உப்பு அள்ளிக்கிட்டு இருப்பான். கேசு முடிஞ்சா வருவான்" என்பாள். கேசு முடிந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. கருமாதி என்று பேச வந்தவர்களை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டினாள். உசிரோடு இருக்கிறவனுக்குத் தண்ணீர் விட்டால் அவன் செத்துப்போவான் என்பது அவள் பயம். அதனால்தான் ஆற்றங்கரையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து பொக்காரா. பெரிய ஏரி, சுற்றி மலை, அதற்கும் பின்னால் பனி. மலையிலிருந்து பாராசூட்டில் குதிக்க, கயிற்றில் தொங்க, ஆற்று நுரையில் ரப்பர் படகு விட என்றே உலகத்து ஆட்கள் வந்து குவிகிற ஊர். எங்கள் கோஷ்டியில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் இருந்தார். அவரும் பாராசூட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். வேடிக்கை பார்க்க எல்லோரும் சாரங்கோட் மலைக்குப் போனோம். அவர் சரிவின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார்.

"எனக்கு பிரஷர் இருக்கு" என்றார்.

"இவருக்கு எப்பவும் இதே கதைதான்" என்றார் அவர் மனைவி. "கல்யாணத்தன்னைக்கு மணமேடை வரைக்கும் வந்துட்டு வயித்து வலின்னாரு."

கட்டிய பணம் திரும்ப வராதாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் சமையல் மாஸ்டர், "மாரி, நீ போடா. தென்னமரம் ஏறுறவன்தானே" என்றார்.

"தென்னையில புடிச்சுக்க மரம் இருக்கும் மாஸ்டர்."

"போயிட்டு வந்தா ஒரு போட்டோ. வராட்டி எங்களுக்கு நாலு இட்லி மிச்சம். போடா."

கைலியை அவிழ்த்து யாருடைய பேன்ட்டையோ மாட்டிவிட்டார்கள். ஹெல்மெட் வைத்தார்கள். எடை கேட்டார்கள், சொன்னேன். ஓட்டுகிறவன் நேபாளி, சின்ன வயது. என்னை முன்னால் வைத்து, தான் என் முதுகுக்குப் பின்னால் நின்று, வார்களை மாட்டினான். பறக்கும்போது அவனை நான் பார்க்க முடியாது. திரும்பினால் ஹெல்மெட் இடிக்கும். அவன் நெஞ்சில் ஒரு சின்ன மிஷின் தொங்கியது. மேலே ஏறினால் குருவி போலக் கீச்சிடும், கீழே இறங்கினால் முனகும் என்று இந்தியில் சொன்னான். யாத்திரைகளில் பொறுக்கிய அரைகுறை இந்தி எனக்கு உண்டு.

ஓடு என்றான். ஓடினேன். தரை போய்விட்டது.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. மிஷின் கீச்சிட்டது. கீழே படிப்படியாக வயல், பச்சை, நம்மூர் வயலைக் கசக்கி மலையில் விரித்த மாதிரி. பிறகு ஏரிக்கு மேலே வந்தோம். மிஷின் முனகத் தொடங்கியது. பக்கத்தில் பறந்தவர்கள் எல்லாம் மேலே ஏறுகிறார்கள், நாங்கள் மட்டும் இறங்குகிறோம், அவன் இந்தக் கயிற்றை இழுக்கிறான், அந்தக் கயிற்றை இழுக்கிறான், வாய்க்குள் ஏதோ சொல்கிறான், எதற்கும் ஏறவில்லை, வார் என் தோளை அறுக்கிறது, நெல் மூட்டையைத் தூக்கிவிட்ட மாதிரி முதுகு அமுங்குகிறது. அப்போது என் பிடரியில் தண்ணீர் சொட்டியது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சில்லென்று முதுகு முழுவதும் இறங்கியது. நாற்றத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். ஆற்றில் வெள்ளம் வந்த முதல் நாள் வருகிற நாற்றம், சேறும் அழுகிய வைக்கோலும்.

எனக்கும் அந்த நேபாளிக்கும் நடுவிலிருந்து குரல் வந்தது. காதோரம். மூச்சு வாங்கிக்கொண்டு.

"தம்பி, கால் எட்டலடா."

நம்பினால் நம்புங்கள். அது ராசப்பன் குரல். இத்தனை வருசத்தில் அவன் முகமே எனக்கு மங்கிவிட்டது. குரல் மங்கவில்லை. அது அன்றைய வயதில் அப்படியே இருந்தது. எனக்கு நரைத்துவிட்டது, அவன் இருபது வயதுக் குரலில் தம்பி என்கிறான்.

"கால் எட்டலடா. புடிச்சுக்க."

என் கால்களும் வெறும் காற்றில் தொங்கின. கீழே ஏரி பெரிதாகிக்கொண்டே வந்தது. படகில் இருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கத்துவது தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியும். இத்தனை வார்களோடு தெரிந்து என்ன? பின்னால் இருக்கிற பையனும் என்னோடு போவான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

"அண்ணே" என்றேன். "உன் பேரையும் சொல்லித் தண்ணி விடுறேண்ணே. ஊருக்குப் போனதும் செய்யறேன். இந்தப் புள்ளைய விட்டுடு. என்னை விட்டுடு."

பாரம் போயிற்று. வெட்டிவிட்ட மாதிரி. பாராசூட் எகிறியது. மிஷின் விடாமல் கீச்சிட்டது.

ஏரிக்கரைப் புல்லில் இறங்கினோம். வார்களைக் கழற்றினான். திரும்பி முதல் தடவையாக அவனை முழுதாகப் பார்த்தேன். நெஞ்சுச் சட்டை நனைந்திருந்தது. அதில் செம்மண் நிறத்தில் வண்டல். என் முதுகிலும் அதுவே. மேகத்துத் தண்ணீர் என்பீர்கள். மேகத்தில் வண்டல் இருக்குமா?

"யாரோட பேசினீங்க?" என்று இந்தியில் கேட்டான்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.

"ரெண்டு பேருக்குத்தான் கட்டினேன்" என்றான். "மூணு ஆள் பாரம் இருந்தது."

பாராசூட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். மறுபடி மலைக்கு ஏற்றிப் போக வண்டி வந்தது. அவன் ஏறவில்லை. மாஸ்டர் வந்து போட்டோ எங்கே என்றார்.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பறந்தது, குரல், தண்ணீர், எல்லாம் சொன்னேன். வரும் ஆடி அமாவாசைக்கு வேதாரண்யம் போய் அண்ணனுக்குச் செய்துவிடுவோம் அம்மா என்றேன்.

முறத்தை நிறுத்தினாள். விளக்குமாற்றை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"பாரமா இருந்தானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. தோள் விட்டுப்போச்சு."

முகம் தெளிந்தது.

"அப்ப எங்கயோ நல்லாத்தான் சாப்புடுறான்" என்றாள். திரும்பவும் அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? அம்மா இன்னும் இருக்கிறாள். அவள் இருக்கும்வரை எள்ளும் தண்ணீரும் விட முடியாது. கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது.

போன மாதம் டிவிஎஸ் வண்டியில் வெட்டாற்றுப் பாலம் ஏறினேன். தனியாகத்தான். மேட்டில் வண்டி முக்கியது. எதிரே புல்லுக்கட்டோடு வந்த ஒரு அம்மா நின்று, என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்து, சொல்லிவிட்டுப் போனார்.

"ஏங்க, பின்னாடி இருக்கவர காலத் தூக்கி வச்சுக்கச் சொல்லுங்க. ரோட்டுல இழுபடுது."

நான் திரும்பவில்லை. வண்டியை நிறுத்தவும் இல்லை.