நான் பள்ளிக்கூடம் போகாத பதினோரு நாள்

தம்பி பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அக்காவாகிவிட்ட பெருமையில் கால் தரையில் நிற்கவில்லை. காரமடையில் குடியிருந்தோம். விடியுமுன்பே நூல் மில்லுக்குப் போகும் அப்பா, சாயங்காலம் பாதித் தூக்கத்தோடு திரும்புவார்.

தம்பி தூங்கினாலும் அம்மா கண்ணை மூடமாட்டாள். துவைத்த துணி நாள்கணக்கில் கொடியிலேயே கிடக்கும். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா தம்பியை எடைபோட்டு, "நல்லா ஏறியிருக்கானுங்க" என்று மகிழ்ந்தார்.

"எனக்குத்தானுங்க தூக்கமே வர்றதில்ல" என்றாள் அம்மா.

"கைக்கொழந்தைய வெச்சுட்டு யாருக்கு அம்மணி தூக்கம் வருது?" என்று சிரித்து, சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அம்மா அப்பாவிடம் சொன்னபோது, "செரியாப் போயிரும்" என்றார்.

ஒரு திங்கட்கிழமை, பையை மாட்டிக்கொண்டிருந்த என் கையை அம்மா பிடித்தாள். "தம்பிய எங்கூடத் தனியா உட்டுட்டுப் போகாத கண்ணு."

அன்று கணக்குப் பரீட்சை. எனக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. தொடர்ந்து பதினோரு நாள் வீட்டிலேயே இருந்தேன், அப்பாவுக்குத் தெரியவில்லை. தம்பியைக் குளிப்பாட்டும் நேரத்தில் அம்மா எட்டிப்போய்ச் சுவரில் சாய்ந்துகொள்வாள். நான்தான் தண்ணீர் ஊற்றுவேன்.

பன்னிரண்டாம் நாள் என் டீச்சர் தேடி வந்துவிட்டார். அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஏனுங்க, உங்களுக்கு எப்படி இருக்குதுங்க?" அப்பா வரும்வரை டீச்சர் கிளம்பவில்லை.

மறுநாள் டீச்சரும் கூட வர, எல்லோரும் பஸ் ஏறிக் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரசவப் பகுதியில், "இதை நாங்க பாக்கறதில்லீங்க" என்றார்கள். மனநலப் பகுதியைத் தேடிப் போவதற்குள் டோக்கன் முடிந்திருந்தது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினோம். இறங்கும்போது, "நாளைக்கும் வாரேனுங்க" என்றார் டீச்சர்.

மறுநாள் பெஞ்சில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். தம்பி என் மடியில். திரைக்குப் பின்னால் டாக்டரம்மா அவனைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. "எத்தன நாளா இப்படித் தனியாப் பயந்துட்டு இருக்கறீங்க?" என்றுதான் கேட்டார்.

அம்மா ஓவென்று அழுதாள்.

அதன்பிறகு பல மாதம் அந்த பஸ்ஸில் போய்வந்துதான் அம்மா மெல்ல மெல்லத் தேறினாள். ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தம்பி பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட அழாத அம்மாவை இவ்வளவு தூரம் கூட்டிவந்து அழவைத்துவிட்டார்கள் என்பதுதான். அப்பா தலையைக் குனிந்திருந்தார். டீச்சரோ, ஏதோ நல்லது நடந்துவிட்டதுபோல மூச்சை விட்டுச் சுவரில் சாய்ந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டில் அவர் வாங்கித்தந்த பன்னைத் தொடவே இல்லை.